கடலுக்கு ஒரு ஜோடிக் கையுறை

விற்கிறவர்கள் ஓர் இனம், வாங்குகிறவர்கள் இன்னோர் இனம் என்றுதான் நாமெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். தப்பு. நடுவில் மூன்றாவதாக ஒன்று உண்டு. அது விற்காது, வாங்காது; ஆராயும். ஆராய்ச்சி ஆசாமி என்று பேர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், கொஞ்சம் எட்டிப் பாருங்கள். மழைக்காலம் தொடங்குகையில் குடைகளை ஒப்பிட ஆரம்பித்து, எந்தக் கம்பி துருப்பிடிக்காது, எந்தத் துணி சாயம் போகாது, எந்தப் பிடி ஈரத்தில் வழுக்காது என்றெல்லாம் தெரிந்து தெளிந்து, பொங்கலுக்குக் கரும்பு வாங்கப் போகும் சமயத்தில் ஒரு முடிவுக்கு வருவார். அதுவரைக்கும்? நனைவார். ஆனால் விவரத்தோடு நனைவார்.

இவரைப் பேச்சிலேயே கண்டுபிடித்துவிடலாம். "அவசரப்படாதபா" என்பார். "ரிவ்யூ பாத்தியா?" என்பார். எல்லோரும் நல்லது என்று எழுதியிருந்தால், "எல்லாரும் நல்லாருக்குதுன்னு சொல்றாங்கன்னா எங்கியோ இடிக்குது" என்பார். ஒருத்தன் மட்டம் என்று எழுதியிருந்தால், "பாத்தியா, நான் சொல்லல?" என்பார். நீங்கள் எதையாவது வாங்கிவிட்டு அவர் கண்ணில் பட்டீர்களோ, தொலைந்தீர்கள். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே" என்று துக்க வீட்டுக் குரலில் சொல்லிவிட்டுப் போவார். புது மிக்சியை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும் உங்களுக்கு ஏதோ பெரிய இழப்பு நேர்ந்துவிட்டது போலிருக்கும்.

நமக்குக் கிடைத்திருப்பவர் மாணிக்கவாசகம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பட்டுத் தறி. நல்ல நெசவுக்காரர், அதில் குறையே சொல்ல முடியாது. தறியில் உட்கார்ந்தால் ஆராய்ச்சி கிடையாது, கை தன்பாட்டுக்கு ஓடும். எழுந்து வெளியே கால் வைத்தால்தான் வியாதி. ஒரு வருஷம் திருவண்ணாமலை கிரிவலத்துக்கு எந்தச் செருப்பு நல்லது என்று இறங்கினார். அடிப்பாகத்தின் பிடிமானம், குதிகாலுக்கு மெத்தை, விரலுக்குக் காற்றோட்டம் என்று பௌர்ணமி பௌர்ணமியாக அலசி, கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டதாக அறிவித்தபோது மனைவி தையல்நாயகி மெதுவாகக் கேட்டாள்.

"கிரிவலம் வெறுங்கால்லதானேங்க போவாங்க?"

மனிதர் அசரவில்லை. "அதாலதான் நான் இன்னும் ஆர்டர் போடல" என்றார்.

கருட சேவையன்று எந்த முனையில் நின்றால் கூட்டம் குறைவு, வெயில் குறைவு, தரிசனம் நிறைவு என்று வீட்டிலேயே வரைபடம் பார்த்துக் கணக்குப் போட்டுச் சரியான முனைக்குப் போய் நின்றவர் அவர். சரியான முனைதான், சந்தேகமில்லை. பெருமாள் அந்த வழியாகப் போய்க் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

இப்படிப்பட்டவரிடம் போய்க் கடல் மீன்பிடிப்பைப் பற்றிப் பேசலாமா? பேசினான் ஒருத்தன். தையல்நாயகியின் தம்பி கலைவாணன். ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். மாதத்துக்கு ஒரு தரம் சவாரியை விட்டுவிட்டுக் கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினம் போவான். அங்கே கடலில் கல் கொட்டியிருக்கும் இடத்தில் நின்று தூண்டில் போடுவான். கிடைத்தால் மீன், கிடைக்காவிட்டால் காற்று என்று திரும்பி வருவான். அவ்வளவு எளிய ஜீவன்.

"மாமா, அமாவாசைக்கு உங்களுக்குத் தறி லீவுதானே? வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணப்போறீங்க? சும்மா கைய வீசிக்கினு வாங்க, தூண்டில் நான் தரேன்" என்றான்.

மற்ற யாராக இருந்தாலும் 'சும்மா வா' என்ற சொல் காதில் விழுந்திருக்கும். மாணிக்கவாசகத்துக்கு 'கை' என்பது மட்டும் விழுந்தது.

"அது சரி மச்சான், கைக்கு இன்னா போட்டுக்கறது?"

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். பட்டு நெய்கிறவனுக்குக் கை சொரசொரப்பாகிவிட்டால் பிழைப்பு போச்சு. விரல் நுனியில் ஒரு சின்னக் கீறல், ஒரு காய்ந்த தோல் நுனி இருந்தால் போதும், இழை அதில் மாட்டிக்கொண்டு கூடவே வரும். அதனால் அவர் வீட்டில் தறிப் பக்கம் போக ஒரு சட்டம் இருந்தது. மோதிரம் கூடாது. கடிகாரம் கூடாது. கண்ணாடி வளையல் கூடவே கூடாது. தையல்நாயகி தறியில் உட்காரும் முன் தினமும் வளையலைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத்தான் வருவாள். கல்யாணப் புடவை பார்க்கச் சென்னையிலிருந்து காரில் வந்த ஓர் அம்மாள், தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பாவு நூலைத் தொட்டுப் பார்க்கக் கை நீட்டியபோது, "மோதிரத்த கழட்டிட்டுத் தொடுங்கம்மா, இது கடைப் புடவ இல்ல, இன்னும் நூலு" என்று முகத்துக்கு நேரே சொன்னவர் மாணிக்கவாசகம். அந்த அம்மாள் வைர மோதிரத்தைக் கழற்றினாள். தெருவே அதை ஒரு வாரம் பேசிற்று.

அப்படிப்பட்ட கையைக் கொண்டுபோய் மீன் முள்ளுக்கும் தூண்டில் நரம்புக்கும் கொடுக்க முடியுமா? முடியாதுதான். அதுவும் அந்தச் சமயத்தில் தறியில் ஏறியிருந்தது சாதாரணப் புடவை இல்லை. கலைவாணனுடைய மகள் புவனாவுக்கு ஆனி முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். முகூர்த்தப் பட்டு அத்தை வீட்டுச் சீர், அதுவும் என் தறியிலேயே நெய்தது என்று தையல்நாயகி சம்பந்திகள் முன்னால், நிறைந்த சபையில், வெற்றிலைத் தட்டின்மேல் கை வைத்துச் சொல்லியிருந்தாள். அரக்கு உடல், பச்சைக் கரை. உடலும் கரையும் வேறு வேறு நிறமாதலால் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால்தான் நெய்ய முடியும். அவர் நடுவில் குறுக்கு நூல் சுமக்கும் நாடாவை ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போட வேண்டும். ஒருவர் எழுந்தால் தறி நின்றுவிடும்.

கையுறை வேண்டும் என்றதில் தப்பில்லை. சைக்கிள் கடைப் பக்கத்தில் ஒரு ஜோடி வாங்கியிருந்தால் கதையும் இல்லை. ஆனால் நம் ஆள் போனைக் கையில் எடுத்தார்.

எடுத்தார் என்றால், நாடாவைக் கீழே வைத்துவிட்டு எடுத்தார். முழு விரல் மூடியதா, அரை விரல் திறந்ததா, மூன்று விரல் மட்டும் திறந்ததா? தோலா? உப்புத் தண்ணீரில் தோல் விறைத்துப்போகும் என்கிறானே. ரப்பர் பூசியதா? வெயிலில் கை வெந்துபோகும் என்கிறானே. உள்ளங்கையில் பிடிப்புக்குப் புள்ளி வைத்ததா, கோடு போட்டதா? தூண்டில் நரம்பு ஓடும் ஆள்காட்டி விரலுக்கு இரட்டைத் துணி உண்டா? ஏதோ ஒரு பனிக்கட்டிக் கடலில் தாடிக்காரன் ஒருவன் படகில் நின்று, இந்தக் கையுறை இருந்தால் விரல் மரத்துப்போகாது என்று சொல்லும் வீடியோவை, சித்திரை வெயிலில் பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தார். பார்த்துவிட்டு, "குளிருக்கும் தாங்குதாம்" என்றார்.

"கல்பாக்கம் பக்கம் எப்பங்க பனி பேஞ்சுது?" என்றாள் தையல்நாயகி, கரை நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவள்.

"உனக்கு இன்னா தெரியும்? எல்லாத்துக்கும் தயாரா இருக்கணும்."

"கடல் எங்கியும் போவாதுங்க. முகூர்த்தம் போயிடும். நாடாவப் போடுங்க."

போடுவார். நாலு ஓட்டம் போடுவார். அதற்குள் போன் ஒரு தரம் சிணுங்கும். கை நின்றுவிடும். இப்படித்தான் சித்திரை முழுக்கப் புடவை முழம் முழமாக வளர வேண்டியது விரல் விரலாக வளர்ந்தது.

முதல் ஜோடி வந்தது. கொல்லையில் வாளி நிறையத் தண்ணீர் வைத்து, கல் உப்பைக் கொட்டிக் கலக்கி, கடல் தயார் செய்தார். அதில் குளியல் சோப்பை மிதக்கவிட்டார். அது மீன். கையுறையோடு பிடித்தார், நழுவிற்று; திருப்பி அனுப்பினார். அடுத்த ஜோடியில் சோப்பு பிடிபட்டது, ஆனால் கையுறையின் சாயம் கரைந்து வாளிக் கடல் நீலமாயிற்று, திருப்பி அனுப்பினார். அடுத்தது கட்டைவிரலில் இறுக்கம். சாமான் கொண்டுவரும் பாண்டியன் கடைசியில் வண்டியை விட்டு இறங்குவதையே நிறுத்திவிட்டான். வாசலில் எஞ்சினை அணைக்காமல், "சார், இதுவும் ரிட்டர்ன்தானே? நான் வேணா முக்குல டீ குடிச்சுட்டு வரேன், அதுக்குள்ள பாத்துடுங்க" என்றான். நல்ல மனுஷன், சொன்னபடியே டீ குடித்துவிட்டு வந்து எடுத்துக்கொண்டு போவான்.

சித்திரை அமாவாசை போயிற்று. கலைவாணன் தனியாகப் போய் வந்தான். அவன் கையில் ஒரு கீறல்கூட இல்லையே என்று நீங்கள் கேட்கலாம். மாணிக்கவாசகத்திடம் கேட்டுப் பாருங்கள். "அது அதிர்ஷ்டம்பா. அதிர்ஷ்டத்த நம்பிக் கடலுக்குப் போவலாமா?"

கடைசியில், வைகாசி அமாவாசைக்கு முந்தின நாள் வந்தது அந்த ஜோடி. சாம்பல் நிறம். மெல்லிய துணி, உள்ளங்கையில் மட்டும் தடிப்பு, மூன்று விரலுக்கு நுனி திறப்பு, உப்பு தாங்கும், சீக்கிரம் காயும். மணிக்கட்டில் இறுக்கிக்கொள்ள, முள் முள்ளாகத் துணியைப் பற்றிக்கொள்ளும் அகலமான வெல்க்ரோ பட்டை. சோப்பு பிடிபட்டது. சாயம் போகவில்லை. கட்டைவிரல் சுகம். பாண்டியன் டீ குடித்துவிட்டு வந்து கைநீட்டி நின்றான். "இல்லபா, இது இருக்கட்டும்" என்று மாணிக்கவாசகம் சொன்னபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் விடியும்போதே ஷேர் ஆட்டோவில் கிளம்பிச் செங்கல்பட்டு வழியாகக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கல்லின்மேல் நின்றுகொண்டு மாணிக்கவாசகம் கையுறையை மாட்டினார். கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு தூண்டில் முள்ளில் முடிச்சுப் போட வேண்டியிருந்தது. கையுறையோடு முடிச்சு விழவில்லை, கழற்றினார். இறாலை முள்ளில் குத்த வேண்டியிருந்தது, புதுக் கையுறையில் இறால் நாற்றம் ஏறிவிடுமே என்று கழற்றினார். அலை தெறித்தது, நல்ல கையுறையாயிற்றே, முதல் நாளே கடலில் நனைக்கலாமா என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டார். டீ குடிக்கும்போது மட்டும் மாட்டிக்கொண்டிருந்தார், டம்ளர் சுட்டதால்.

அவருக்கும் ஒன்று மாட்டிற்று. கையகலத்துக் கிழங்கான் மீன். வெறுங்கையாலேயே கழற்றினார். அப்போதுதான் இருவருக்கும் நினைவு வந்தது, அமாவாசையன்று வீட்டுக்குள் மீன் போகக் கூடாது. தறிக்காரனுக்குக் கடலுக்கு வர வாய்க்கும் நாள் இது ஒன்றுதான், மீன் அடுப்பேறாத நாளும் இதுவேதான். கிழங்கானை டீக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினார்கள். மாணிக்கவாசகத்துக்குத் துளி வருத்தம் இல்லை. வழி நெடுக உள்ளங்கையை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார்.

"ஒரு கீறல் இருக்குதா பாரு மச்சான். இதுக்குத்தான் பாத்து வாங்கணுங்கறது."

"நீங்கதான் அத போடவே இல்லியே மாமா?"

"கூட இருந்துச்சே."

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார். தையல்நாயகி நாள் கிழமையாயிற்றே என்று கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு நின்றிருந்தாள். அவள் முதலில் பார்த்தது அவர் முகத்தை அல்ல, கையை. வாங்கித் தடவிப் பார்த்தாள். வழவழவென்று போனபடியே வந்திருந்தது. பெருமூச்சு விட்டாள் பாவம், புவனாவின் புடவை தப்பித்தது என்று. அதோடு விட்டிருந்தால்?

விடவில்லை. சாதித்தவனுக்குச் சொல்லிக் காட்டாமல் இருக்க முடியுமா? கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டு தறி அறைக்குள் போனார். வளையல் போட்ட கையோடு உள்ளே வரக் கூடாது என்பதால் அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிலைப்படியிலேயே நின்றாள்.

"எவ்ளோ மெல்லிசு தெரியுமா தையலு? இதப் போட்டுக்கினே இழைய எண்ணலாம். பாக்கறியா?"

"அமாவாசையில தறியத் தொடாதீங்க."

"நான் எங்க நெய்யறேன்? சும்மா காட்டறேன்."

காட்டினார். விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்த அரக்குப் பாவின்மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினார். மணிக்கட்டில் வெல்க்ரோ பட்டையின் நுனி கொஞ்சம் பெயர்ந்து நின்றதை அவர் பார்க்கவில்லை. வெல்க்ரோவுக்குப் பட்டு நூலைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. கையை எடுத்தார், பாவும் கூட எழுந்து வந்தது.

"இழுக்காதீங்க!" என்று அலறினாள் தையல்நாயகி.

இழுத்தார். சர்ரென்று ஒரு சத்தம். கொத்தாக இழைகள் அறுந்து சுருண்டன. பதறிப்போய் அவள் ஓடி வர, அந்த நிலையிலும், கை தறியோடு மாட்டிக்கொண்டு நிற்கும் அந்த நிலையிலும், மாணிக்கவாசகம் கத்தினார்: "வளையல்! வளையல கழட்டிட்டு வா!"

அவள் நின்றாள். ஒவ்வொன்றாகக் கழற்றினாள். அவரைப் பார்த்துக்கொண்டே கழற்றினாள். கடைசி வளையல் ஆணியில் ஏறும்வரை அவர் அசையாமல் நின்றார். அப்புறம் கிட்டே வந்து, அவர் கையைக் கையுறையிலிருந்து உருவியெடுத்துவிட்டு, பாவில் தொங்கிய அந்த உயர்ந்த பொருளை இழை இழையாகப் பிரித்தாள்.

மறுநாள் காலையிலிருந்து முடிச்சுதான். அறுந்த ஒவ்வோர் இழையையும் தேடியெடுத்து, ஜோடி பார்த்து, துண்டு நூல் சேர்த்துக் கட்ட வேண்டும். முடிச்சுப் பெரிதானால் நெய்யும்போது மறுபடி அறும். மதியத்துக்கு மேல் கலைவாணன் போன் பண்ணினான். "அக்கா, தறியிலேர்ந்து புடவ எப்ப அறுக்கறீங்க? ரவிக்க தைக்கணும்னு புவனா பறக்கறா." மாணிக்கவாசகம் எடுத்த இழையை அப்படியே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். சபையில் சொன்ன சொல் அவளுடையது, போனால் அவள் மானம்தானே போகும்.

"ஆயிடும்பா" என்றாள் தையல்நாயகி. "உங்க மாமா தறிய விட்டு எழுந்திருக்கறதே இல்ல."

அதைவிட நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

பொழுது சாயும் வேளையில் தறிக்கு மேலே இருந்த பல்பு கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்துபோயிற்று. பாதி முடிச்சு பாக்கி. "முக்குக் கடையில ஒரு பல்பு வாங்கினு வாங்க" என்றாள். எழுந்தார். செருப்பை மாட்டினார். வாசல் வரை போனார். அப்புறம் காலடிச் சத்தத்தைக் காணோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவள் எட்டிப் பார்த்தாள். வாசற்படியில் நின்றபடி போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இல்ல தையலு, நூல் வேலைக்கு வெள்ள வெளிச்சம் நல்லதா, மஞ்ச வெளிச்சம் நல்லதான்னு ஒரு தரம்…"

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரைத் தாண்டிப் போனாள். போன சுருக்கில் திரும்பி வந்து, ஸ்டூலில் ஏறி, பல்பை மாட்டினாள். அறை பளிச்சென்றது.

"இன்னா பல்பு குடுத்தான்?" என்று கேட்டுவிட்டார், வாய் சும்மா இருக்காமல்.

"எரியற பல்பு" என்றாள்.

மாணிக்கவாசகத்துக்கு வெட்கமாகிவிட்டது. உண்மையான வெட்கம், காது மடல் சுடுகிற வெட்கம். போனை அரிசிப் பானைமேல் வைத்துவிட்டு வந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்து, இழை நுனிகளை எடுத்து எடுத்துக் கொடுத்தார். அன்றிலிருந்து கல்யாணத்துக்கு முந்தின நாள் வரை அந்த வீட்டில் தறிச் சத்தம் ஓயவில்லை. அறுத்தெடுத்த கையோடு, மடிப்புச் சூடு ஆறுவதற்குள், புடவை ஐயம்பேட்டைக்குப் போய்ச் சேர்ந்தது. ரவிக்கைக்கு நேரமில்லை, புவனா வேறு ரவிக்கையில்தான் மணையில் உட்கார்ந்தாள். அதைப் பற்றிச் சம்பந்தியம்மாள் யாரிடமோ ஏதோ சொன்னது தையல்நாயகி காதில் விழுந்தது. விழாத மாதிரி அட்சதையை எடுத்துக்கொண்டாள்.

பட்டு ஜொலித்தது, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. முடிச்சு விழுந்த இடம் கொசுவத்துக்குள் போய்விட்டது. அது எந்த மடிப்பு என்று அந்த மண்டபத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். இருவரும் அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பந்தி முடிந்து தாம்பூலம் வாங்குகையில் கலைவாணன் கேட்டான், "மாமா, வர்ற அமாவாசைக்கு வரீங்களா?"

"வரேன்" என்றார் மாணிக்கவாசகம் பட்டென்று. தையல்நாயகி திரும்பிப் பார்த்தாள்.

"கையுறை?"

"அதெல்லாம் வேணாம்பா. பட்டது போதும்." கொஞ்சம் யோசித்தார். "ஆனா மச்சான், அந்தக் கல்லு வழுக்குதில்ல? காலுக்கு இன்னா போட்டுக்கறது?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அந்தச் சாம்பல் நிறக் கையுறை இப்போது சும்மாதான் கிடக்கிறது. ஒரு தரம்கூட நிஜக் கடலில் நனையவில்லை. யாராவது கேட்டால் கொடுத்துவிடச் சொல்லித் தையல்நாயகி என்னிடமே தந்திருக்கிறாள். ஒரு பைசா வேண்டாம். உங்களுக்கு வேண்டுமா?

என்ன, அளவு என்ன என்று கேட்கிறீர்களா? துணி என்ன ரகம் என்றா? வேறு நிறம் இருக்கிறதா என்றா?

சரி சரி. வாருங்கள், இப்படி மாணிக்கவாசகத்துக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.